வாசல் பார்த்த செருப்பு

பாய் வண்டி உள்ளே வந்தால் நாங்கள் யாரும் முதலில் நோயாளியைப் பார்க்க மாட்டோம். பாயின் கையைத்தான் பார்ப்போம். நான், டாக்டர், ஆயாம்மா மூன்று பேருமே. இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. யாராவது கேட்டிருந்தால், "சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லியிருப்போம். ஆனால் பார்த்தோம். அவர் கையில் செருப்பு இருந்தால் ஒரு மாதிரி வேலை செய்தோம், இல்லாவிட்டால் வேறு மாதிரி. இத்தனை வருஷம் கழித்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆம்பூரில் பெங்களூர் ஹைவேயை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரி அது. கீழே எமர்ஜென்சி, மாடியில் பிரசவ வார்டு. எமர்ஜென்சியில் ஒரே ஒரு டாக்டர், நர்ஸ் நான், கூடமாட ஒரு ஆயாம்மா. பாய் எங்கள் ஆஸ்பத்திரி ஆள் இல்லை. தோல் வியாபாரிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஊருக்காக விட்ட ஆம்புலன்ஸை ஓட்டியவர். ஊரில் ஆயிரம் பாய் இருந்தாலும், எங்களுக்குப் பாய் என்றால் அவர் ஒருவர்தான். பெயரைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

உயரமாக, வற்றலாக இருப்பார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. இருபது வருஷம் பச்சைத்தோல் லாரி ஓட்டியவராம். அந்த வாடை உடம்பிலேயே தங்கிவிட்டது என்று அவருக்கு ஒரு சந்தேகம், அதனால் கிராம்பு. எங்களுக்கு ஒரு வாடையும் தெரிந்ததில்லை. பேச்சு மிகவும் கம்மி. வண்டியின் பின்கதவைத் திறந்ததும் ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்பார். படுத்திருப்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், கால்களைப் பார்ப்பார். நோட்டீஸில் இருப்பதைப் படிக்கிறவரைப் போலப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் ஸ்ட்ரெச்சரை இழுப்பார். இன்னா மனுஷன் இவர், உள்ளே ஓர் உயிர் ஊசலாடுகிறது, இவர் காலை ஆராய்ச்சி செய்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அப்புறம் அந்தச் செருப்பு. நாங்கள் நோயாளியைக் கட்டிலுக்கு மாற்றி, சட்டையைக் கிழித்து, நெஞ்சில் கைவைத்து அமுக்க ஆரம்பித்திருப்போம். ஒரே கூச்சலாக இருக்கும். அந்தக் கூச்சலுக்கு நடுவே பாய் நிதானமாக உள்ளே வருவார். கையில், வண்டியிலிருந்து இறக்கும்போதே எடுத்துக்கொண்ட நோயாளியின் செருப்பு. குனிந்து கட்டிலுக்கு அடியில் வைப்பார். ஜோடியைச் சேர்த்து, நுனி வாசலைப் பார்க்கிற மாதிரி வைப்பார். உள்ளே வருகிறவர்கள் கழற்றிப்போட்டால் செருப்பு உள்பக்கம் பார்த்துத்தானே கிடக்கும்? இவர் வைத்தது எப்போதும் வெளியே பார்க்கும். எழுந்து காலை விட்டால் அப்படியே நடந்து போய்விடலாம். வைத்துவிட்டுப் போய்விடுவார்.

சில பேருக்கு வைக்கமாட்டார். வெறுங்கையோடு வந்து, ஸ்ட்ரெச்சரை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்.

இது முதலில் ஆயாம்மா கண்ணில்தான் பட்டது. பஸ் ஸ்டாண்டில் விழுந்த ஒரு தேங்காய் வியாபாரியைக் கொண்டுவந்திருந்தார். அமுக்கி அமுக்கி என் தோள்பட்டை கழன்றுபோயிருந்தது. டாக்டர் நிறுத்துகிற முகத்துக்கு வந்துவிட்டார். பெருமூச்சு விட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அதுதான் அந்த முகம்.

மூலையில் நின்ற ஆயாம்மா சொன்னாள்: "டாக்டர், பாய் செருப்ப வெச்சுட்டுப் போய்க்கீறாரு."

"அதனால இன்னா?"

"அவுரு செருப்பு வெச்ச ஆளுங்க பொழச்சுக்கீறாங்க டாக்டர். நான் பாத்துனே இருக்கேன். வெக்காத ஆளுங்கதான் போயிடறாங்க."

டாக்டர் சிரித்தார். சிரித்துவிட்டு, "சரி, இன்னும் ரெண்டு ரவுண்டு" என்றார். இரண்டாவது ரவுண்டில் மானிட்டரில் கோடு நடுங்கியது, ஷாக் கொடுத்தோம், நாடி வந்தது. பத்து நாள் கழித்து, மேல்சிகிச்சைக்கு அனுப்பியிருந்த வேலூரிலிருந்து அந்த வியாபாரி ஒரு சாக்குத் தேங்காயோடு வந்து, அதே செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கள் முன்னால் நின்றார். ஆயாம்மா என்னைப் பார்த்த பார்வையில் 'நான் சொல்லல?' என்று எழுதி ஒட்டியிருந்தது.

அன்றிலிருந்து நானும் கவனித்தேன். ஆயாம்மா சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. செருப்போடு வந்தவர்களில் கண்திறந்தவர்கள் இருந்தார்கள். செருப்பில்லாமல் வந்தவர்களில் எங்கள் கட்டிலில் கண்திறந்த ஒருவரைக்கூட எனக்கு நினைவில்லை.

"மேல எழுதி வெச்சத பாய் காலுல படிக்கிறாரு சிஸ்டரம்மா" என்பாள் ஆயாம்மா. பாய் தாண்டிப்போகும்போது முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, தன் இரண்டு கால்களையும் புடவைக்குள் மறைத்துக்கொள்வாள். சிரிப்பாக இருக்கும். ஆனால் அவர் பார்வை கீழே இறங்கினால் நானும் ஷூவுக்குள் விரல்களை மடக்கிக்கொள்வேன். ஒருநாள் ட்யூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பாய் என் காலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சிஸ்டர்."

"என்ன பாய்?" என்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"இடது செருப்பு வார் அறுந்துபோற மாதிரி இருக்குது. தெச்சுக்குங்க."

அவ்வளவுதான். கிராம்பைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குப் போகிற வழியில், மார்க்கெட் முனையில், வார் அறுந்தது. நடுரோட்டில் ஒற்றைச் செருப்போடு நின்று நான் அழுதேன். வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாய் லெதர் லைன்ல இருந்தவரு. வார் போறது தெரியாதா அவருக்கு? நீ படிச்ச பொண்ணு, பேஜார் பண்ணாத" என்றார். நியாயம்தான். ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

படித்த பொண்ணு என்று அவர் சொன்னது குத்தியது. கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான். அங்கே ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால் ஒரு மணி அடிக்கும். அடித்த நொடி எங்கெங்கிருந்தோ ஆட்கள் ஓடிவருவார்கள். அமுக்க ஒருவர், அவர் களைப்பதற்கு முன்னால் மாற்றிக்கொள்ள இன்னொருவர், மூச்சுப்பைக்கு ஒருவர், மருந்துக்கு ஒருவர். கையில் ஒரு வேலையும் இல்லாமல், நேரத்தை மட்டும் பார்த்து உரக்கச் சொல்வதற்கென்றே ஒருவர். நிறுத்தலாமா என்று பெரிய டாக்டர் கேட்கும்போது, "வேறு ஏதாவது தோணுதா?" என்று அறையில் உள்ள கடைசி ஆள் வரைக்கும் கேட்பார். என்னையும் கேட்டிருக்கிறார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவ்வளவு ஆள் ஏது? டாக்டரும் நானும் மாறி மாறி அமுக்கவேண்டும். ஷாக் மெஷின் உண்டு, சார்ஜில் போட்டிருக்கிறதா என்று நான்தான் தினமும் பார்க்கவேண்டும். வெளியே சொந்தக்காரர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். டாக்டர் நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஆனால் எப்போது நிறுத்துவது என்பதை அவர் தனியாக, வியர்த்து விறுவிறுக்க, ஒரே தலைக்குள் முடிவுசெய்யவேண்டும். அப்படி ஒரு பாரம் இருக்கும்போது எங்கிருந்தாவது ஒரு கை வந்து அதை வாங்கிக்கொள்ளாதா என்று இருக்கும். எங்களுக்குப் பாயின் கை வந்தது. அதில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும்.

சுமதியைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தேன்.

ஷூ கம்பெனியில் தையல் ஹாலில் வேலைபார்த்த பெண். இருபத்தாறு வயது. காலை ஷிப்டில் மெஷின் முன்னால் சாய்ந்துவிட்டாள். கைகால் இரண்டு தடவை வெட்டி இழுத்திருக்கிறது. வலிப்பு என்று நினைத்து, கத்தரிக்கோலை உள்ளங்கையில் திணித்து, அடங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். நடுநடுவே மீன் வாய்திறப்பது போல ஒரு மூச்சு. அது மூச்சே இல்லை, நின்றுபோன உடம்பு கடைசியாக இழுப்பது என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? மூச்சு இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் தைரியமாக இருந்திருக்கிறார்கள். பாய் கொண்டுவந்தபோது அவள் வலது உள்ளங்கையில் கத்தரிக்கோலின் தடம் சிவப்பாக இருந்தது.

பாயின் கையில் ஒன்றும் இல்லை.

டாக்டர் பார்த்தார், நானும் பார்த்தேன். ஆயாம்மா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அமுக்கினோம். மருந்து போட்டோம். குறை சொல்ல முடியாதபடிதான் எல்லாம் செய்தோம். பதினோராவது நிமிஷம் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தவள் நான், அதனால் பதினொன்று என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேலூரில் அந்த வயதுப் பெண்ணுக்குப் பதினோராவது நிமிஷத்தில் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அதுவும் தெரியும். ஆனால் என் வாய் திறக்கவில்லை. நான் என் கையை அவள் நெஞ்சிலிருந்து எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அவளோடு வேலைபார்க்கும் பெண் ஒருத்தி வந்து நின்றாள். கையில் ஒரு ஜோடிச் செருப்பு, ரோஸ் கலர் வார்.

"சிஸ்டர், சுமதிது இது. ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் அவங்கவங்க செருப்ப மாட்டிக்கிட்டுப் போய்ட்டாங்க. ரேக்ல கடைசியா ஒரு ஜோடி மட்டும் மிஞ்சுச்சு. அப்பதான் இது அவளுதுன்னு தெரிஞ்சுது."

உடம்பை அப்போதே ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னேன். அவள் அந்தச் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள். என் புத்தியைப் பாருங்கள். அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை. செருப்பு லேட்டாக வந்திருக்கிறது, காலையிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றுதான் தோன்றியது. அப்படி நினைத்த தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்கு ட்யூட்டி. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பாய் வண்டி உள்ளே வருகிற சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, வழக்கம்போலப் பாயின் கையைப் பார்த்தேன். வெறுங்கை. 'ஐயோ பாவம், யாரோ' என்று நினைத்துக்கொண்டுதான் ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பினேன்.

என் வீட்டுக்காரர் படுத்திருந்தார்.

இடுப்பில் துண்டு, தலையில் இன்னும் சோப்பு நுரை. குளிக்கப் போனவர் பாத்ரூமில் விழுந்திருக்கிறார். பக்கெட் உருண்ட சத்தம் கேட்டுக் கீழ் வீட்டுக்காரர் ஓடிவந்து கதவை உடைத்திருக்கிறார். வண்டியில் அவர்தான் கூட வந்தார். "அமுக்கு, நெஞ்ச அமுக்கு, நிறுத்தாத" என்று பாய் முன்னாலிருந்து கத்திக்கொண்டே ஓட்டியிருக்கிறார். அந்த மனிதர் வேர்த்து ஊற்ற, எங்கள் வாசல் வரைக்கும் அமுக்கிக்கொண்டுதான் வந்தார்.

கட்டிலுக்கு மாற்றினோம். நான் நெஞ்சில் கைவைத்தேன். டாக்டர் மருந்துக்குக் கை நீட்டினார். நீட்டிய அந்த ஒரு நொடியில் அவர் கண் வாசல் பக்கம் போனதை நான் பார்த்தேன். வாசலில் பாய். பாயின் கை காலி. டாக்டரின் தோள் ஒரு அங்குலம் கீழே இறங்கியது.

அந்த ஒரு அங்குலம் எனக்குப் பழக்கமானது. எத்தனை கட்டில்களில் என் தோளும் அப்படி இறங்கியிருக்கிறது! மற்றவர்கள் வீட்டு மனிதர்களுக்கு இறங்கியபோது எனக்குத் தெரியாதது, என் தாலிக்கு வந்தபோது தெரிந்தது. பெருமையாகச் சொல்லவில்லை.

"டாக்டர், அங்க பாக்காதீங்க" என்று கத்தினேன். "அந்தக் கையப் பாக்காதீங்க. என்னப் பாருங்க. ஆயாம்மா, கதவ மூடு. நேரத்தச் சொல்லு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா கத்திச் சொல்லு."

"எனுக்கு மணி பாக்கத் தெரியாதே சிஸ்டரம்மா..."

"பெரிய முள்ளு கோடு தாண்டினா கத்து. அது போதும்."

ஆயாம்மா கத்தினாள். கோடு கோடாகக் கத்தினாள். கீழ் வீட்டுக்காரரையும் உள்ளே இழுத்து மூன்றாவது ஆளாக நிற்கவைத்தேன். மாடியிலிருந்து பிரசவ வார்டு நர்ஸ் ஓடிவந்தாள். மூன்று ஷாக். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒன்றும் இல்லை. பதினோராவது நிமிஷம் வந்தது. வந்தபோது சுமதி என் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சந்தடியில் என் இடது தோளுக்குப் பின்னால் ஒருத்தி நின்றாள். நான் திரும்பவில்லை. பதினொன்று தாண்டியது. இருபது தாண்டியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை. நாலாவது ஷாக்குக்குப் பிறகு டாக்டர் அவர் கழுத்தில் விரல் வைத்து, நெடுநேரம் அப்படியே இருந்து, "இருக்குது" என்றார்.

அவர் பிழைத்தார். அதே வண்டியில் பாய்தான் வேலூருக்குக் கொண்டுபோனார். இன்றைக்கும் சில பெயர்கள் அவருக்குச் சட்டென்று வராது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மாற்றி மாற்றிக் கூப்பிடுவார். போகட்டும், என்னைச் சரியாகக் கூப்பிடுகிறார்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். பாய் சுவரோர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்படியில் உட்கார்ந்திருந்தார். நேராகப் போய்க் கேட்டேன்.

"பாய், அன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்கு ஏன் செருப்பு கொண்டுவரல?"

அவருக்குப் புரியவில்லை. "எந்தச் செருப்பு சிஸ்டர்?"

"எல்லாருக்கும் கொண்டுவந்து வைப்பீங்களே, அது."

"அவரு பாத்ரூம்ல இல்ல விழுந்தாரு? குளிக்கிற எடத்துல யாரு சிஸ்டர் செருப்பு போடுவாங்க?"

பாய் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"ரோட்டுல, பஜார்ல விழுந்தவங்க காலுல செருப்பு இருக்கும். இல்லன்னா பக்கத்துல கெடக்கும். கதவத் தொறந்ததும் பாத்துக்குவேன், ஒத்தையா ஜோடியான்னு. ஒத்தையா இருந்தா இன்னொண்ண ஸீட்டுக்கு அடியில தேடி எடுத்துட்டு வருவேன். வூட்டுக்குள்ள விழுந்தவங்க வெறுங்காலு. கோயிலு, பள்ளிவாசலு, அங்கயும் வெறுங்காலு. வெளிய நூறு ஜோடி கெடக்கும், எது அவங்களுதுன்னு நான் எங்க தேடுவேன்? தோல் பதப்படுத்துற ஷாப்புல விழுந்தா கம்பெனி பூட்ஸு, அது அங்கயே கழட்டிக்குவாங்க. ஷூ கம்பெனி தையல் ஹால்ல வெறுங்காலுதான் சிஸ்டர். செருப்பெல்லாம் வெளிய ரேக்குல."

"எதுக்குப் பாய் இந்த வேலை உங்களுக்கு?"

"ஒரு ஆளு பொழச்சு வந்து சண்டைக்கு நின்னாரு சிஸ்டர். உசுரக் காப்பாத்தின, சரி. புதுச் செருப்பு, போட்டு ஒரு வாரம்கூட ஆகல, அத எங்கய்யா போட்டன்னு." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நியாயம்தான? வேகாத வெய்யில்ல வெறுங்காலோட எப்படி வூட்டுக்குப் போவாரு?"

வாசலைப் பார்த்து வைப்பது எதற்கு என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. போகும்போது மாட்டிக்கொள்ளச் சௌகரியம். அவ்வளவுதான்.

நான் அவர் பக்கத்திலேயே, வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கணக்கு தானாக ஓடியது. ரோட்டில் விழுந்தவனைப் பத்துப் பேர் அந்தக் கணமே பார்க்கிறார்கள். வீட்டில் விழுந்தவளைக் காபி ஆறிய பிறகுதான் பார்க்கிறார்கள். செருப்பில்லாதவர்கள் எங்களிடம் லேட்டாகவே வந்துசேர்ந்தவர்கள், அதனால் அவர்களில் பலர் போனது நிஜம். பாதி அப்படி. மீதிப் பாதி? மீதிப் பாதியை நாங்கள் செய்தோம். வெறுங்கையைப் பார்த்தோம், தோள் இறங்கியது, சீக்கிரம் நிறுத்தினோம், செத்தார்கள். செத்ததால் மறுபடியும் கையைப் பார்த்தோம்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிராம்பு கடிப்பதை நிறுத்தினார். முகம் தோல் உரித்தது மாதிரி வெளுத்தது.

"என் கையப் பாத்தா நிறுத்தினீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த ஷூ கம்பெனிப் பொண்ணுக்குமா?"

"ஆமா பாய்."

கிராம்பைத் துப்பினார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஸீட்டில் உட்கார்ந்து, எதிரே இருந்த உடைந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கத்திரி வெயிலில், ஒரு கிழவியைக் கொண்டுவந்தார். அடுப்படியில் சாய்ந்தவள். பாயின் கையில் செருப்பு இருந்தது. அகலமான ஆம்பிளைச் செருப்பு, பிரவுன், வாரில் தோல்துண்டு வைத்துத் தைத்த ஒட்டு. கிழவியின் பாதம் அதில் பாதிகூட வராது. குனிந்து, ஜோடி சேர்த்து, நுனியை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். டாக்டர் பார்த்தார். விடாமல் அமுக்கினார். கதவுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். கொதிக்கிற சிமெண்ட் தரையில் பாய் வெறுங்காலோடு நின்று, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். வண்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

கிழவி பிழைக்கவில்லை. ஆனால் நாங்கள் செய்யவேண்டியதை எல்லாம் செய்து முடித்த பிறகுதான் போனாள். அதற்குப் பிறகு வெறுங்காலோடு வந்தவர்கள் அத்தனை பேருடைய கட்டிலுக்கும் அடியில் அந்தப் பிரவுன் செருப்பு இருந்தது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சாய்ந்த ஒருவர் கண்திறந்தார். வேலூருக்கு வண்டியில் ஏற்றும்போது, செருப்பையும் அவருடையது என்று நினைத்து அவர் மகன் எடுத்துப்போய்விட்டான். அடுத்த வாரம் பாய் என்னிடம், "சிஸ்டர், என் செருப்ப மாட்டிக்கிட்டு அந்த ஆளு வூட்டுக்கே நடந்து போய்ட்டாரு. இன்னைக்குப் போய்க் கேட்டு வாங்கியாந்தேன்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கண் சரியாகத் தெரியவில்லை என்று வண்டியை விட்டுவிட்டு, அரக்கோணத்தில் மகள் வீட்டுக்குப் போனார். போகும் அன்று உள்ளே வந்தார். கட்டில் காலியாக இருந்தது. அதன் அடியில் செருப்பை வைத்து, வாசல் பக்கம் திருப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"பாய், வெயில் ஜாஸ்தியா இருக்கு. போட்டுக்கிட்டுப் போங்க."

"ஆட்டோ வரைக்கும்தான சிஸ்டர்" என்றார்.

ஒரு வருஷம் கழித்துச் செய்தி வந்தது. பள்ளிவாசலில், தொழுகையில் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டாராம். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், எத்தனை பேர் ஓடிவந்தார்கள், எத்தனை நிமிஷம் அமுக்கினார்கள், எதைப் பார்த்து நிறுத்தினார்கள் என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. வெறுங்காலோடு போயிருப்பார் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

அந்தச் செருப்பு எங்கள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் எதையும் சொல்லவில்லை. வருகிறவர்கள் எல்லோருக்கும் செருப்பு வந்திருக்கிறது என்று அவர் நம்பட்டும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். புது டிரைவர், புது வண்டி. வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது விழுந்தவள், பாதமெல்லாம் மாடிச் சுண்ணாம்பு. காலையில் தரை துடைத்த ஆயாம்மா செருப்பை எடுத்து ஜன்னலோரம் வைத்திருந்தாள். நான் மறந்தே போனேன். டாக்டர் நெஞ்சில் கைவைத்தார், கட்டிலுக்கு அடியில் ஒரு தடவை பார்த்தார். ஒட்டுப்போட்ட அந்த வாரை இத்தனை நாளாக அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அமுக்குவதை நிறுத்தாமல், என் முகத்தைப் பார்க்காமல், டாக்டர் சொன்னார்: "பாய் செருப்ப எடுத்து வெய்ம்மா."

வைத்தேன். நுனியை வாசல் பக்கம் திருப்பினேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன்.